கண் திறக்கும் வேலை

1984-ஆம் வருஷம் காணும் பொங்கலன்று காலை ஏழரை மணிக்கு தனம் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். அவளுக்கு ஆறு வயது. புதுப் பாவாடையின் நாடா நிற்காமல் அவிழ்ந்துகொண்டே இருந்ததால் அம்மா கனகவல்லி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து இடுப்பில் ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள். அவள் கண் முழுக்க ஊக்கின்மேல் இருந்தது. குழந்தையின் தோலில் பட்டுவிடக் கூடாதே என்ற கவலை.

கூட்டிப் போக வந்திருந்தவள் அங்காளம்மா, கனகவல்லியின் புருஷன் மாணிக்கவேலுக்கு அக்கா. பெரும்பாக்கத்தில் அவர்கள் தெருக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து கோவளம் போக ஒரு மினி லாரி பேசியிருந்தார்கள். டிரைவர் வீடு சேலையூரில். அங்கிருந்துதான் வண்டி கிளம்பும் என்பதால் அங்காளம்மா விடியலிலேயே மாடம்பாக்கத்துக்கு வந்து தம்பி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள்.

"நீயும் வாயேம்மே. ஒரு நாளு பொணத்த வுட்டுட்டு கடலப் பாத்தா இன்னா கொறஞ்சிபூடும்?"

"நாளைக்குப் பதினாறாம் நாளுக்கா. படம் குடுத்தாகணும். ரயில்வே கார்டு வீட்டுக்காரங்க சாயங்காலம் வந்து நிப்பாங்க."

"செத்தவரு இன்னா, லேட்டாச்சின்னு கத்தவா போறாரு?"

மாணிக்கவேல் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். தனம் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தத் தாத்தாவுக்குக் கண்ணு போட்டுட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. வந்து பாரு" என்றாள் கனகவல்லி, ஊக்கைப் பூட்டியபடியே. நிமிர்ந்தபோது குழந்தை அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டது. பின்னலும் முதுகும்தான் தெரிந்தன.

மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் போகிற சந்தில், ஒரு மாடியில் மாணிக்கவேல் ஸ்டூடியோ வைத்திருந்தான். படம் எடுப்பது அவன். டச்சிங் கனகவல்லி. முகத்தில் இருக்கும் பருவையும் தழும்பையும் பென்சிலால் மறைப்பது, நரையைக் கறுப்பாக்குவது எல்லாம் டச்சிங்தான். ஆனால் அவளுக்கு ஊரில் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறொரு வேலை. அவள் செத்தவர்களுக்குக் கண் திறப்பாள்.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து ஜனங்களில் பாதிப்பேர் உயிரோடு இருக்கும்போது காமிரா முன்னால் நின்றதே கிடையாது. ஆள் போன பிறகுதான் வீட்டில் ஒரு படம்கூட இல்லையே என்று உறைக்கும். உடனே யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடி வருவார்கள். மாணிக்கவேல் போவதற்குள் பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, சாயாமல் துண்டால் கட்டி, மாலை போட்டு, இரண்டு பக்கமும் பிள்ளைகள் நின்றுகொண்டிருப்பார்கள். எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் பெரிசு பண்ணிப் பிரிண்ட் போடுவான். அது கனகவல்லியின் மேஜைக்கு வரும். மூடிய இமைமேல் மெல்லிய பிரஷ்ஷால் வெள்ளையும் கறுப்பும் வைத்து அவள் கண்ணைத் திறப்பாள். அதை மறுபடி காப்பி எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கண்ணாடி பிரேமில் பூட்டிப் பதினாறாம் நாளுக்குள் கொடுத்துவிடுவார்கள். வாங்கிப் பார்த்தவர்கள் அங்கேயே உடைந்து அழுவார்கள். "உசுரோட குந்திகினு கீறாப்புலயே கீதும்மா" என்று அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

கல்யாணமான புதிதில் முதல் பிரிண்ட்டை வைத்துக்கொண்டு அவள் பிரஷ்ஷைத் தொடாமலே உட்கார்ந்திருந்தபோது மாணிக்கவேல் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொண்டுவந்து மேஜைமேல் சாய்த்து வைத்தான். "கண்ணுன்னா என்னன்னு பாத்துப் பாத்துப் போடு. பயப்படாத" என்றான். பார்த்துப் பார்த்துப் போட்டாள். அப்புறம் கண்ணாடி தேவைப்படாமல் போயிற்று.

பெரியவர்களைத் தொடும்போது அவளுக்கு ஒன்றும் இல்லை. குழந்தைகள் வந்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்காது. தனத்துக்கு முதல் பிறந்தநாள் வந்த வாரத்தில் பல்லாவரத்திலிருந்து ஒரு குழந்தை வந்தது. அதுவும் ஒரு வயதுக்காரிதான். அந்தக் கண்களைத் திறந்து முடித்துவிட்டு கனகவல்லி வீட்டுக்கு வந்தபோது மாணிக்கவேல் தனத்துக்கு மை தீட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வேணாங்க" என்றாள்.

"ஏண்டி? பொறந்தநாளு."

"எங்கைக்கு வர்ற படம் எல்லாம் யாரோடது? செத்தவங்களோடது. நம்ம குழந்த மூஞ்சி அங்க வர வேணாம். ஏழு வயசு முடியட்டும். அப்புறம் நீங்க ஒரு ரோல் பூரா எடுத்துக்கங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் தலைமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினான். போட்டோக்காரன் வீட்டுப் பிள்ளைக்குப் போட்டோ கிடையாது என்பது தெருவில் ஒரு தமாஷாகவே ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, "இன்னா கனகா, உன் பொண்ணு போலீசுல மாட்டாம இருக்கவா இப்டி ஒளிச்சி வெச்சிகிற?" என்று கேட்பாள்.

காணும் பொங்கலன்று மாலை நாலரை மணிக்கு கனகவல்லி ரயில்வே கார்டின் படத்துக்குக் கண் திறந்து முடித்து, ஈரம் காயட்டும் என்று வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். மாடிப்படியில் அங்காளம்மாவின் புருஷன் ஏறி வந்தான். அவன் வேட்டி முழங்கால்வரை நனைந்து மணலாக இருந்தது. அவன் சொல்வதற்கு முன்பே கனகவல்லி, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். ஆஸ்பத்திரி எதுவும் இல்லை.

குழந்தைகள் எல்லாம் கைகோத்துக்கொண்டு அலை ஓரத்தில் நின்றிருந்தார்கள். அங்காளம்மா தூக்குவாளியைத் திறந்து இலையில் புளிச்சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய அலை ஒன்று வந்தது. மூன்று குழந்தைகளை இழுத்தது. அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆட்கள் குதித்து இரண்டைப் பிடித்துவிட்டார்கள். மூன்றாவது மறுநாள் காலையில், கொஞ்சம் தெற்கே தள்ளி, ஒதுங்கியது. கண்டெடுத்த மீனவர்கள் அதைக் கட்டுமரத்தின் நிழலில் கிடத்தி, நாய் வராமல் காவல் உட்கார்ந்திருந்தார்கள்.

சின்னப் பிள்ளை என்பதால் நாற்காலி இல்லை, பதினாறாம் நாள் இல்லை. மாடம்பாக்கத்து ஏரிக்கரையில் அன்றைக்கே குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள். கனகவல்லிக்கு அந்த நாளில் பல விஷயங்கள் நினைவில் இல்லை. அங்காளம்மா வந்து காலைப் பிடித்துக்கொண்டு, "என்ன அடிடி, என்ன வெட்டிப் போடுடி" என்று கதறியதும், தான் காலை மெல்ல இழுத்துக்கொண்டதும் மட்டும் நினைவில் இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, ஒன்பது வருஷம் பேசவில்லை.

மாணிக்கவேல் அழவேயில்லை. மூன்றாம் நாளே ஸ்டூடியோவைத் திறந்தான். திறந்தவன் டார்க் ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் இருந்தான். கழுவுவதற்கு ஒரு ரோல்கூட இல்லாத நாட்களிலும் உள்ளே சிவப்பு பல்பு எரிந்தது. தான் குழந்தையோடு கடலுக்குப் போகாமல் பிணத்தோடு உட்கார்ந்திருந்ததற்குத்தான் அவன் தன் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறான் என்று கனகவல்லி முடிவு செய்துகொண்டாள். அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து கிழக்குத் தாம்பரத்து ஸ்டூடியோக்காரர் பத்ரிநாராயணன் மாடியேறி வந்தார். தொழிலில் போட்டிக்காரர். ஆனால் சாவுக்கு வந்து கடைசிவரை நின்றவர். மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன காகித உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"திட்டாதேம்மா. ஏரிக்கரையில வச்சு ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். இந்தத் தொழில் பண்றவா வீட்ல குழந்தைக்கு ஒரு படம்கூட இல்லேங்கறது எனக்குத் தாங்கலை. வேணும்னா வச்சுக்கோ. வேண்டாம்னா கிழிச்சுப் போட்டுடு."

உறைக்குள் ஒரு நெகட்டிவ். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமலே அவள் அதை இழுப்பறைக்குள் வைத்தாள்.

ஆடி மாதம் பிறப்பதற்கு முன்னால் மாணிக்கவேலின் அண்ணன் அப்பாதுரை வந்தார். குடும்பத்தில் மூத்தவர். வந்ததும் வராததுமாக விஷயத்தைச் சொன்னார்.

"கன்னியாப் போன புள்ள. அப்டியே வுட்டா ஊட்டுக்கு ஆவாது. பூவாடைக்காரின்னு சொல்லி, புதுத் துணி வெச்சி, குந்த வெச்சிக் கும்புடணும். வர்ற ஆடி வெள்ளில செஞ்சிடலாம். எல்லாருக்கும் சொல்லிட்டேன். ஒரு படம் மட்டும் நீ ரெடி பண்ணிடும்மா."

"படம் இல்லீங்க மாமா."

"இன்னா இல்லன்ற? பத்ரி சாரு எடுத்தாரே. ஊருக்கெல்லாம் கண்ணத் தொறந்து உடுற, உன் புள்ளைக்குத் தொறக்க மாட்டியா?"

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கனகவல்லி மேஜையில் உட்கார்ந்தாள். மாணிக்கவேல் இழுப்பறையிலிருந்த நெகட்டிவை எடுத்துப் பிரிண்ட் போட்டுக் குப்புறக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போயிருந்தான். திருப்பினாள். தலையைத் துவட்டி, நடு வகிடு எடுத்து, யாரோ நெற்றியில் பெரிய பொட்டாக வைத்திருந்தார்கள். வாய் மூடியிருந்தது. இதுவரை எத்தனையோ முகங்களைப் பார்த்த பழக்கத்தில் கை தானாகப் பிரஷ்ஷை எடுத்தது. இடது கண்ணின் ஓரத்தில் முதல் புள்ளி வைக்கப்போனவள் நிறுத்திவிட்டாள்.

அவளுக்குத் தனத்தின் கண் ஞாபகம் வரவில்லை.

காதுக்குப் பின்னால் இருந்த மச்சம் தெரிந்தது. கணுக்காலில் சைலன்சர் சுட்ட வடு தெரிந்தது. பேன் பார்க்கும்போது உச்சந்தலையில் தெரியும் இரட்டைச் சுழி தெரிந்தது. மேல்வரிசையில் விழுந்த பல்லை எந்த நாளில் கூரைமேல் எறிந்தோம் என்பதுகூடத் தெரிந்தது. கண் மட்டும் இல்லை. ஆறு வருஷம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த கண் எப்படி இருந்தது? பெரிசா, கொஞ்சம் உள்வாங்கினதா, கறுப்பா, பழுப்பா? கடைசி நாளில் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அவள் ஊக்கைப் பார்த்தாள்.

ஒரு பிரிண்ட்டில் போட்டுப் பார்த்தாள். வேறு யாரோ. கிழித்தாள். இரண்டாவதில் கருவிழியைப் பெரிதாக்கினாள். மிரண்ட குழந்தை ஒன்று பார்த்தது. மாணிக்கவேல் கேட்காமலே அடுத்த பிரிண்ட்டைக் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பி நிற்பான், ஏதாவது எடுக்க வந்தவன் மாதிரி. எதுவும் எடுக்காமல் போய்விடுவான். எட்டு பிரிண்ட் வீணாயிற்று. ஒவ்வொன்றிலும் வைத்த கண் அவள் மனசில் ஒட்டிக்கொண்டது. எட்டுக்குப் பிறகு, உண்மையான கண்ணைத் தேடிப் போனால் வழியில் இந்த எட்டு ஜோடியும் நின்றன. ஒன்பதாவதில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை.

படத்துக்கு முன்னால் பாவாடை சட்டை, வளையல், மல்லிகை, சர்க்கரைப் பொங்கல், தனத்துக்குப் பிடித்த முறுக்கு எல்லாம் வைத்திருந்தார்கள். பம்பைக்காரர் அடித்தார். அப்பாதுரை கற்பூரத்தை ஏற்றிப் படத்துக்கு முன்னால் சுற்றினார். சுடர் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாருங்கடா. அப்டியே அம்மா கண்ணு."

எல்லாரும் படத்தையும் கனகவல்லியையும் மாறி மாறிப் பார்த்து அழுதார்கள். அவள் படத்தைப் பார்த்தாள். படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் முகம் பார்க்கும் கண்ணாடி தொங்கியது. ஒரே சுவரில் இரண்டு ஜோடிக் கண்கள், ஒரே கண்கள்.

அந்த முதல் நாள் கண்ணாடி. அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் கை இவ்வளவு வருஷமும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

சந்தேகம் தீர வேண்டும் என்று அடுத்த வாரம் சேலையூரில் கார்டு வீட்டுக்குப் போனாள். கார்டின் சம்சாரம் கிளியம்மாள் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். சுவரில் முறுக்கு மீசையோடு கார்டு தொங்கினார். மீசைக்கு மேலே கனகவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினம் காலம்பற இவரு கண்ணப் பாத்துட்டுதாம்மா காபித் தண்ணியே வெக்கறது" என்றாள் கிளியம்மாள்.

"அவரு கண்ணு இப்படியேதான் இருந்துச்சாம்மா?"

கிளியம்மாள் அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருந்துச்சா... இப்ப இதான் ஞாபகம் கீது. வேற மாதிரி இருந்துதுன்னு யாராச்சும் சொன்னா சண்டைக்குப் போவேன்." சிரித்தாள். "ஏம்மா கேக்கற?"

"சும்மாதான்" என்று சொல்லி எழுந்தாள். பஸ் ஸ்டாண்டுவரை நடந்தே வந்தாள். வழி நெடுக இருந்த வீடுகளில் எந்தெந்தச் சுவரில் தான் தொங்குகிறோம் என்ற கணக்கு மனசில் ஓடிக்கொண்டே வந்தது. அவர்களுடைய செத்தவர்களையெல்லாம் இன்னொரு தடவை கொன்றுவிட்டோம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் தனத்தின் படத்தை இறக்கித் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். மாணிக்கவேல் ஏனென்று கேட்கவில்லை. அதன் பிறகு அவள் யாருக்கும் கண் திறக்கவில்லை. பிணப்படம் வந்தால் முகத்தைச் சுத்தமாக்கி, இமையை அப்படியே விட்டுக் கொடுப்பாள்.

"இன்னாம்மா இது, தூங்கறவனுக்கா மாலை போடுவாங்க?" என்று ஒருவர் படத்தை மேஜைமேல் விட்டெறிந்தார். "உங்கைக்கு இன்னா வந்திச்சி? வாதமா?"

"ஆமாங்க" என்றாள். அவர்கள் கிழக்குத் தாம்பரத்துக்கு, பத்ரிநாராயணனிடம் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாணிக்கவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "நான் கூடப் போகாம இருந்ததுதான் தப்புன்னு ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லிடுங்க. உள்ளயே வெச்சுகினு என்னைக் கொல்லாதீங்க."

"நீ ஒண்ணும் பண்ணல, கனகா" என்றான். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டான். பொய் சொல்லக்கூட அவனுக்குச் சரியாக வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

1987-இல் மஸ்கட்டில் ஒரு கலர் லாபில் வேலை இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மாணிக்கவேல் போகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுக்கான படத்தை அவள்தான் எடுத்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தவன் ஒவ்வொரு தடவையும் பிளாஷ் அடிக்கும்போது இமையை மூடினான். நாலு பிரேம் போன பிறகுதான் ஒன்று சரியாக வந்தது.

அவன் கடிதங்களில் வெயில் இருக்கும், ரூமில் சமைக்கும் முறை இருக்கும், பேங்க் டிராப்ட் எந்தத் தேதியில் வரும் என்று இருக்கும். தனத்தின் பெயர் இருக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவான். கனகவல்லி ஸ்டூடியோவை நடத்தினாள். ரேஷன் கார்டு, காலேஜ் அப்ளிகேஷன், பாஸ்போர்ட், கல்யாணம் என்று உயிரோடு இருப்பவர்கள் வந்தார்கள். வேலை ஓடியது. ஸ்டூலில் உட்காரும் ஆறு ஏழு வயதுப் பெண் குழந்தைகளைக் காமிராவுக்குள் ஒரு விநாடி அதிகமாகப் பார்ப்பாள். இந்தக் கண்ணா? இல்லை. இதுவா? அவர்கள் அம்மாக்கள், "ஆச்சாக்கா?" என்று கேட்ட பிறகுதான் அமுக்குவாள்.

1993-இல் ஒரு நாள் மாடம்பாக்கம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவளுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி வந்து உட்கார்ந்தாள். சேலையூர் தாண்டிய பிறகுதான் அது அங்காளம்மா என்று தெரிந்தது. பல் கொட்டி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஐம்பத்தைந்து வயதுதான் இருக்கும்.

"எறங்கிடட்டாம்மே?" என்று கேட்டாள் அங்காளம்மா, எழுந்துகொள்ளத் தயாராக.

"உக்காருங்கக்கா."

இரண்டு ஸ்டாப்பிங் போயிற்று. கனகவல்லி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "அவ கண்ணு எப்படிக்கா இருந்துச்சு?"

அங்காளம்மாவுக்குப் புரிந்துவிட்டது. யாருடைய கண் என்று கேட்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கறுப்பா... கறுகறுன்னு இருக்கும். திராட்ச மாதிரி."

"பழுப்புன்னு நெனைச்சேன்."

"பழுப்பா? இல்லம்மே. இரு... வெயில்ல பாத்தா பழுப்பு அடிக்கும். இல்ல, அது எம் பெரிய பொண்ணுக்கு." அவள் குழம்பினாள். "ஐயோ. லாரில எம்மடிமேலதான் குந்திகினு வந்திச்சி. வழி பூரா எம்மூஞ்சப் பாத்து கத சொல்லிகினு வந்திச்சி. நா பாத்துகினேதான் இருந்தேன். இன்னா கத சொன்னான்னு கேளு, சொல்றேன். ஒரு கொரங்கு, ஒரு ரயிலு. கண்ணு கேக்கறியே கனகா. கண்ண எங்க வெச்சேன் நானு?"

கண்டக்டர், "மாடம்பாக்கம் கோயிலு, எறங்கு எறங்கு" என்று கத்தினார். இருவரும் இறங்கவில்லை. கடைசி ஸ்டாப்பிங்வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். குரங்கு ரயில் ஏறிய கதையை அங்காளம்மா இரண்டு தடவை சொன்னாள்.

1996 புரட்டாசியில் தபால்காரர் மஸ்கட்டிலிருந்து வந்த கெட்டியான உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கனகவல்லி ஸ்டூடியோவில் இருந்தாள். பிரித்ததும் இரண்டு அட்டைகளுக்கு நடுவே இருந்த படம் முதலில் மேஜைமேல் விழுந்தது. கறுப்பு வெள்ளை. தனம், கண் மூடியிருந்தது.

பத்ரிநாராயணன் எடுத்ததைத்தான் இவன் எங்கோ பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக் கோபம் வந்தது. கவிழ்த்துவைக்கக் கை போனது. அப்புறம்தான் வாய் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, மேல்வரிசையில் பல் இல்லாத ஓட்டை தெரிய. டச்சிங் லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தாள். அவளுக்கு மூடிய இமைகளைப் பற்றித் தெரிந்த அளவு அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. செத்தவர் இமை சும்மா படிந்து கிடக்கும். இது இறுக்கி மூடிய இமை. ஓரத்தில் மூன்று சுருக்கம் விழுந்திருந்தது, மூக்கும் சேர்ந்து சுருங்கியிருந்தது. குழந்தையைச் சுற்றிலும் புகை.

லென்ஸைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தைப் பிரித்தாள்.

"கனகா,

படத்தை முதலில் பார்த்திருப்பாய். அது நான் எடுத்தது. சத்தியத்தை மீறி எடுத்தது. அந்த வருஷம் போகி அன்று காலையில் நீ பழைய பாயைப் போட்டுக் கொளுத்தத் தெருக்கோடிக்குப் போயிருந்தாய். இவள் நம் வாசலில் கொட்டு அடித்துக்கொண்டு போகிப் புகைக்குள் நின்றாள். காமிராவில் ஒரு பிரேம் மிச்சம் இருந்தது. எடுப்பா, அம்மாகிட்ட சொல்ல மாட்டேன் என்றாள். எடுத்துவிட்டேன்.

பொங்கல் அன்று மத்தியானம் ஸ்டூடியோவில் ரோலைக் கழுவினேன். கடைசி பிரேமில் கண் மூடியிருந்தது. நம்மிடம் வரும் படத்தில் கண் மூடியிருந்தால் அது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெகட்டிவை அலமாரிக்குள் ஒளித்துவைத்தேன். இரண்டு நாள் கழித்து அக்கா வந்து கூப்பிட்டாள். அனுப்ப வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று நீ கேட்பாய், படம் எடுத்ததைச் சொல்ல வேண்டும். உனக்குப் பயந்துகொண்டு பேசாமல் இருந்தேன். நீ கூடப் போகாததைப் பற்றி நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைக்க எனக்கு இடமில்லை.

நீ எட்டு பிரிண்ட் கெடுத்தாயே, அப்போது இந்த நெகட்டிவ் உன் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் எடுக்க வந்தேன். இதிலும் கண் மூடித்தானே இருக்கிறது, கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த லாபில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு எத்தனையோ ரோல் கழுவுகிறேன். பிறந்தநாள், பிக்னிக், கல்யாணம். எந்த ரோலை எடுத்தாலும் இரண்டு மூன்று பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். முதல் வருஷம் அப்படி ஒரு முகம் வந்தால் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நிற்பேன். அந்த ஆட்கள் அடுத்த மாதம் சிரித்துக்கொண்டே வந்து அடுத்த ரோலைக் கொடுப்பார்கள். பிளாஷுக்கு மூடுகிறார்கள், வெயிலுக்கு மூடுகிறார்கள், சிரித்தால் மூடுகிறார்கள், அவ்வளவுதான். இது ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நம் இரண்டு பேருக்கும்தான் தெரியவில்லை. இவளுக்குப் புகை. புகையோடு சிரிப்பு.

அப்படிப் புரிந்த பிறகும் அனுப்ப இவ்வளவு நாள் ஆயிற்று. அது வெறும் படம்தான் என்றால், அவளை அனுப்பியது விதி இல்லை, உன்னிடம் வாய் திறக்க எனக்கிருந்த வெறும் பயம்தான். உன்னிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

நெகட்டிவ் உறைக்குள் தனியாக இருக்கிறது, ஓரத்தைப் பிடித்து எடு. கண் எப்படி இருந்தது என்று என்னையும் கேட்காதே. எனக்கும் தெரியவில்லை. படத்தில் பிரஷ் வைக்காதே. டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். வரலாமா கூடாதா என்று ஒரு வரி எழுது."